இரண்டு தௌ

செங்கல்பட்டிலிருந்து கருங்குழி வழியாக அச்சரப்பாக்கம் போகும் பஸ்ஸில்தான் தணிகைவேலை இதை எழுதுகிறவன் முதலில் பார்த்தான். எழுபத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. அவர் மடியில், பழைய வேட்டியில் சுற்றி, பச்சைக் குழந்தையை ஏந்துவது போல எதையோ ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், அதைத் தூக்கி மேல போடு" என்றார் கண்டக்டர்.

"மேல போட்டா வளைஞ்சிடும் அண்ணாத்த. மடியிலயே இருக்கட்டும்."

"கொழந்தையா அது? அப்போ அரை டிக்கெட் எடு."

பஸ் முழுக்கச் சிரித்தது. தணிகைவேலும் சிரித்தார். ஆனால் பிடியைத் தளர்த்தவில்லை. பக்கத்து இருக்கையில், அச்சரப்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்து, அந்த ஊரிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கி, அந்தப் பெருமை இன்னும் கஞ்சி வாடை போகாத வெள்ளைச் சட்டையாக மேலே கிடக்க, வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். படாளம் தாண்டிய ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தது. வேட்டி விலகியது. சட்டையின் கையில் முழ நீளத்துக்கு எண்ணெய்க் கறை.

"ஐயையோ, தம்பி! மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சா போயிடும். இன்னா வேலை பாக்கற?"

"கருங்குழி கூட்டுப் பண்ணைச் சங்கத்தில் எழுத்தர். பி.எஸ்சி. முடித்திருக்கிறேன்."

"அட, நம்ம சங்கமா! நான்தான்பா அங்க மெக்கானிக்கு. இதக் கடைஞ்சு வாங்க ஒரு வாரமா செங்கல்பட்டுல கெடந்தேன். பி.எஸ்சி.யா? அப்போ இங்கிலீஷ் படிப்பே. நல்ல நேரத்துல வந்த."

அன்றிலிருந்து அவனுக்குச் சங்கத்தில் பெயரே பி.எஸ்சி. என்றாகிவிட்டது. கறை இன்றுவரை போகவில்லை.

மடியில் இருந்தது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு சிறிய கிராங்க் தண்டு. சங்கத்தில் ஒரு பழைய செயின் டிராக்டர் இருந்தது. சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டை ஓடும் யானை போன்ற வண்டி. அதன் பெரிய டீசல் எஞ்சினைக் கையால் சுற்ற எந்த மனிதனாலும் முடியாது, அதற்குப் பேட்டரியும் கிடையாது. பக்கத்திலேயே பெட்ரோலில் ஓடும் ஒரு சின்ன எஞ்சின் பொருத்தியிருப்பார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்தால் அது கிளம்பும். அது கிளம்பிப் பெரியதைச் சுற்றிவிட, பெரியது மெல்லச் சூடாகி உயிர் பெறும். சங்கத்தில் அதற்குக் குட்டி என்று பெயர். மடியில் இருந்த தண்டு குட்டியுடையது. இரண்டு வருஷமாகக் குட்டி செத்துக் கிடந்தது. குட்டி இல்லாமல் யானை எழாது.

தணிகைவேலுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவர். கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஏறிய நாளெல்லாம். கடலுக்கு ஆகாத மீனவன் என்று குப்பமே கேலி பேச, பதினைந்து வயதில் கிளம்பிச் செங்கல்பட்டு வந்து, லாரிப் பட்டறைகளில் எண்ணெயில் ஊறி, இரும்பைக் கற்றார். சங்கத்தில் சேர்ந்து பதின்மூன்று வருஷம். பதின்மூன்று வருஷமும் தினக்கூலி. வேலை இருந்தால் பேர் ஏறும், இல்லாவிட்டால் இல்லை.

புதிதாக வந்த சக்கர டிராக்டர்கள் சாவியைத் திருகினால் கிளம்பின. அவற்றுக்குத் தணிகைவேல் தேவைப்படவில்லை. அவரைத் தேடும் ஒரே உயிர் அந்தச் செயின் டிராக்டர். வருகிற செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். அவர் முன்னால் வண்டி கிளம்பினால் சங்கம் அதை வைத்துக்கொள்ளும், அதை ஓட்டிப் பராமரிக்க ஒரு நிரந்தர மெக்கானிக் இடம் உண்டு. கிளம்பாவிட்டால் வண்டி பழைய இரும்புக்குப் போகும், தணிகைவேலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். செயலாளர் பக்தவத்சலம் இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

வீடு என்றால் கருங்குழியில் அவரும் மனைவி சொர்ணமும் இருந்த குடிசை இல்லை. அதுவும் சங்கத்து இடம்தான். அதையும் விட்டுக் குப்பத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒன்று மட்டும் நடக்கக் கூடாது என்றுதான் அவர் முப்பது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பி.எஸ்சி. பக்கத்தில் இருந்து பார்த்தான். தண்டு சுழலும் இடங்களில் வெள்ளை நிறத்தில் மெத்தென்ற ஓர் உலோகத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். பட்டறைக்காரர்கள் அதை மெட்டல் என்பார்கள். தண்டில் நீலம் தடவி உட்கார வைத்துச் சுற்றி, எடுத்துப் பார்த்தால் எங்கே உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் தோல் சீவுவது போல் சுரண்ட வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். தணிகைவேல் சுரண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"எதுக்குண்ணே இவ்வளவு?"

"தண்டுக்கும் மெட்டலுக்கும் நடுவுல எண்ணெய் நிக்கணும்பா. ரெண்டு தௌ எடம் வேணும். அதிகமாச்சுன்னா தடதடன்னு அடிக்கும். கொறைஞ்சா எண்ணெய் நொழையாது. எண்ணெய் இல்லாட்டி தீஞ்சிடும்."

ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு தௌ. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு கூறுகளை ஒரு மனிதன் கைவாக்கில் பிடிப்பதை அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"எப்படித் தெரியும்?"

"சுத்திப் பாத்தா கை சொல்லும். சந்தேகம் இருந்தா ஈயம் வெச்சு நசுக்கிப் பாக்கணும்."

நசுக்குவது இப்படி. தண்டின்மேல் நூல் கனத்தில் ஓர் ஈயக் கம்பித் துண்டை வைத்து, மேல் மூடியை முறுக்கி இறுக்குவார். பிறகு கழற்றினால், கம்பி தட்டையாகி, இருக்கிற இடைவெளி எவ்வளவோ அவ்வளவு கனத்தில் கிடக்கும். அதை மைக்ரோமீட்டரில் கவ்வி அளந்தால் கணக்கு கையில். ராணுவத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய ஈயக் கம்பிச் சுருள் ஒன்றைத் தணிகைவேல் பல வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தார். சனிக்கிழமை தண்டின் இரு முனைகளையும் அளந்து முடித்ததோடு சுருள் தீர்ந்துபோயிற்று. அளவு இரண்டு தௌ. கச்சிதம். பிஸ்டனைத் தண்டோடு கோக்கும் இரண்டு ராடுகள் பாக்கி. அவற்றையும் சுரண்டி ஆயிற்று, அளக்க மட்டும் கம்பி இல்லை. மதுராந்தகம் எலெக்ட்ரிக் கடையில் தேடினால் செம்புக் கம்பிதான் இருந்தது. செம்பு நசுங்காது.

"வுடு பி.எஸ்சி. கையாலேயே பாத்துக்கறேன். ரெண்டு கீது."

"அது முடியாதுண்ணே. செயலாளர் ஒவ்வொரு அளவையும் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். வருகிறவர் படித்தவர். 'கை சொல்லிற்று' என்றா எழுதுவது?"

"அதுவும் சரிதான்" என்றார் தணிகைவேல்.

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில், சொர்ணத்தின் தம்பி சிங்காரம் தன் மகள் பாப்பாவுக்குக் காது குத்தினான். போகாமல் இருக்க முடியாது. வழியில் செங்கல்பட்டில் ஈயக் கம்பி தேடினால் கடை எல்லாம் பூட்டு. குப்பத்தில் காலை வைத்ததும் கேலி ஆரம்பம்.

"வாந்தி மாமா வந்துட்டாருடோய்! ஈரக் காத்து அடிக்குது, யாராச்சும் ஒரு குண்டான் எடுத்துகினு வாங்க!"

"டேய் சிங்காரம், மாமாவ கடல் பக்கம் முதுகு காட்டி உக்கார வைடா. அலையப் பாத்தாலே மயக்கம் வந்துடும்."

தணிகைவேல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சொர்ணம்தான் முகம் சிவந்து, "செவ்வாக்கெழமை வேலை நெரந்தரம் ஆவப் போவுது, தெரியுமா உங்களுக்கு?" என்று கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டாள். கேலி நின்றது. தணிகைவேல் அவளை முறைத்தார். சொன்னதற்காக அல்ல, செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் சொன்னதற்காக.

சாப்பிட்டு முடிந்து கை கழுவப் போனபோதுதான், காயப் போட்டிருந்த வலையின் அடி விளிம்பில் வரிசையாகத் தொங்கிய ஈயக் குண்டுகள் அவர் கண்ணில் பட்டன.

"மச்சான், இதுல ஒரு நாலு குண்டு குடேன். வேலைக்கு வேணும்."

"நாலு இன்னா மாமா, பத்து எடுத்துக்கோ!" சிங்காரம் எல்லார் எதிரிலும் கத்தியை எடுத்துத் தன் வலையிலிருந்தே குண்டுகளை அறுத்து அவர் கையில் கொட்டினான். "மாமா வேலை நெரந்தரம் ஆவறதுக்கு நம்ம வலைதான் ஈயம் குடுத்துதுன்னு பேரு இருக்கட்டும்."

ஈயம் எது வாங்கினாலும் தணிகைவேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்பார். நல்ல ஈயத்தில் நகம் பதியும். அன்று அழுத்தவில்லை. நல்ல காரியம் நடக்கிற வீட்டில், இத்தனை பேர் பார்க்க வலையை அறுத்துக் கொடுத்தவன் முகத்துக்கு நேராக நகத்தை வைத்துப் பார்த்தால் என்னவாக இருக்கும்? மடியில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை. ஒரு குண்டைச் சம்மட்டியால் தட்டித் தகடாக்கினார். தகட்டின் ஓரம் ஓரமாக வெடித்து வந்தது.

"மச்சான் வூட்டு ஈயம் அவனாட்டமே முரட்டு ஈயமா கீது" என்றார். பி.எஸ்சி. சிரித்தான், அவரும் சிரித்தார். பிளேடால் நூல் போல ஒரு கீற்றை அறுத்து, முதல் ராடில் வைத்து இறுக்கிக் கழற்றினார். பி.எஸ்சி. மைக்ரோமீட்டரைப் பிடித்துப் படித்தான்.

"நாலு தௌ."

"நாலா? இருக்காதே. இன்னொரு தபா படி."

"நாலுதான் அண்ணே."

இரண்டாவது ராடிலும் நாலு. தணிகைவேல் ராடைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கை ரெண்டுன்னு சொல்லுதேப்பா."

"அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கைக்கு அளவுக்கோடு உண்டா? கருவி நாலு என்கிறது. இதோ, வண்டியோடு வந்த புத்தகம். இரண்டுக்கு மேல் போனால் மூடிக்கு அடியில் இருக்கும் தகட்டை எடுத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்கிறது. பக்கத்துக்கு ஒரு இரண்டு தௌ தகடு. எடுத்தால் சரியாகப் போயிற்று."

தணிகைவேலுக்கு எழுத்து வாசனை தமிழில் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். இங்கிலீஷ் புத்தகம், இங்கிலீஷ் படித்த பிள்ளை, மின்னுகிற கருவி, மூன்றும் ஒரே பக்கம் நின்றன. எதிர்ப்பக்கம் அவருடைய கை மட்டும். தகடுகளை எடுத்தார். மறுபடி கீற்றை வைத்து நசுக்கி அளந்தார்கள். இரண்டு தௌ. பி.எஸ்சி. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் மையால் எழுதினான்: முதல் ராடு 2, இரண்டாம் ராடு 2.

மூடிகளுக்குள் மெட்டலில் மயிரிழை போல் ஒரு கோடு விழுந்திருந்ததைத் தணிகைவேல் பார்த்தார். பிளேடு பட்டிருக்கும் என்று நினைத்துத் துடைத்தார்.

சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் ஊற்றி, கையால் தண்டைச் சுற்றினார். சுற்றியது. ஆனால் கனத்தது. மறுபடி சுற்றினார். நெற்றி சுருங்கியது.

"இன்னாய்யா தணிகை, முடிஞ்சுதா?" செயலாளர் வந்து நின்றார்.

"கொஞ்சம் இறுக்கமா கீது சார். ஒரு தபா தொறந்து பாத்துடறேன்."

"புது மெட்டல் இறுக்கமாத்தான்யா இருக்கும். ஓட ஓட எளகிடும். அளவு இன்னா சொல்லுது?"

"எல்லாம் இரண்டு சார்" என்று பதிவேட்டை நீட்டினான் பி.எஸ்சி.

"அப்புறம் இன்னா? நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசர் வர்றாரு. தொறந்து போட்டுட்டு முழிக்கப் போறியா?"

தணிகைவேல் சுற்றும் பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. "எழுதிட்ட இல்ல, பி.எஸ்சி.?" என்று கேட்டார்.

"எழுதியாயிற்று அண்ணே."

"எழுதினத அடிச்சா நல்லா இருக்காது." கையை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை சொர்ணம் அவருக்கு வெளுத்த காக்கிச் சட்டை போட்டு அனுப்பினாள். அவளும் தூரத்தில் புளியமரத்தடியில் வந்து நின்றாள். அதிகாரி ஜீப்பில் வந்தார். தணிகைவேல் கயிற்றைச் சுற்றி இழுத்தார். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு தும்மல். மூன்றாவதில் குட்டி கிளம்பிவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படபட சத்தம். கூட்டம் கை தட்டியது. தணிகைவேல் சொர்ணம் நிற்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை இதை எழுதுகிறவன் மறக்கவில்லை.

நான்கு நிமிஷம் ஓடவிட்டுப் பிடியைத் தள்ளிப் பெரிய எஞ்சினோடு கோத்தார். யானை அசைந்தது. உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகை, பிறகு கறுப்பாக ஒன்று. இன்னும் பத்து எண்ணியிருந்தால் எழுந்திருக்கும். அப்போது குட்டியின் சத்தம் தடித்தது. கீச்சென்று ஓர் அலறல். தீய்ந்த எண்ணெய் வாடை. நின்றுவிட்டது.

தணிகைவேல் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பிறகு இரண்டு கையாலும் சேர்த்து இழுத்தார். கயிறு அறுந்து அவர் பின்னால் போய் விழுந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அதிகாரி மரியாதையான மனிதர். கோபிக்கவில்லை. தன் காகிதத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் தணிகைவேல் குட்டியைத் திறந்தார். முதல் ராடில் மெட்டல் பாகு போல் உருகி வழிந்திருந்தது. இரண்டாவதில் அவ்வளவு இல்லை. அங்கே துணியால் துடைத்ததும் அந்த மயிரிழைக் கோடு தெரிந்தது. சுண்டு விரலால் தடவினார். அது கீறல் இல்லை, பள்ளம். ஈயக் கீற்று பதிந்த பள்ளம்.

பெட்டியிலிருந்து மிச்சமிருந்த ஒரு குண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். பதியவில்லை. இன்னும் அழுத்தினார். நகம்தான் வளைந்தது.

"என்ன அண்ணே?"

"பேட்டரி ஈயம்பா. லாரி பேட்டரித் தகட்டை உருக்கி ஊத்தினது. நல்ல ஈயத்த எப்பவோ வித்துத் தின்னுட்டு இத ஊத்தியிருக்கான். வலைக்கு எந்த ஈயமா இருந்தா இன்னா, முழுவினா போதும்." குண்டை உள்ளங்கையில் உருட்டினார். "இது மெட்டல விடக் கெட்டி. நசுங்கறதுக்குப் பதில் அதுவே மெட்டல்ல போய்ப் புதைஞ்சிக்கிச்சு. புதைஞ்ச ரெண்டும் சேந்துதான் உனக்கு நாலு காட்டிச்சு. நாம அளந்தது எடத்த இல்ல."

முதலிலேயே சரியாக இரண்டு இருந்திருக்கிறது. அதைத் தகட்டை எடுத்துச் சைபர் ஆக்கியிருக்கிறார்கள். எண்ணெய் நிற்க இடமே இல்லை.

கை ரெண்டு என்று சொன்னதே, நான்தானே கேட்கவிடவில்லை என்று சொல்லப் பி.எஸ்சி.க்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. தணிகைவேலும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அன்றும் இல்லை, பிறகு ஒருநாளும் இல்லை.

மறுநாள் செயலாளர் அறிக்கை கேட்டார். பி.எஸ்சி. காகிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

"அண்ணே, ஈயம் சரியில்லை என்று எழுதட்டுமா?"

"எங்கேந்து வந்த ஈயம்னு கேப்பாங்க இல்ல?"

"கேட்பார்கள்."

"வாணாம். புள்ள காது குத்துல ஆசையா அறுத்துக் குடுத்தது. சொர்ணத்துக்குத் தெரிஞ்சா தம்பி வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டா. இனிமே எங்களுக்குப் போக்கெடமே அந்த வூடுதான்." சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "நகம் வெச்சுப் பாக்க வேண்டியவன் நானு. பாக்கல. அத எழுதிக்கோ."

பொருத்தியவரின் கவனக்குறைவால் எஞ்சின் பழுதானது என்று பி.எஸ்சி. ஆங்கிலத்தில் எழுதினான். ஆங்கிலம் சுத்தமாக இருப்பதாகச் செயலாளர் பாராட்டினார். பதிவேட்டில் அந்த இரண்டு இரண்டுகளும் அப்படியே இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வண்டியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப்போக ஐப்பசி மழைக்கு முன்பே லாரி வந்தது. அதற்கும் முன்பே தணிகைவேல் குடிசையைக் காலி செய்துவிட்டார். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் பெரிய வேலை நடக்கிறதே, அங்கே மஞ்சள் மஞ்சளாக எத்தனை மண் வாரும் எஞ்சின்கள், போய்க் கேளுங்கள் என்று பி.எஸ்சி. சொன்னான். போய்க் கேட்டார். வாசலில் படிவம் கொடுத்து, முந்தைய இடத்துச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். முந்தைய இடத்துச் சான்று என்றால் அந்த அறிக்கைதான் என்று அவருக்கும் தெரியும், எழுதிக் கொடுத்தவனுக்கும் தெரியும். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

போன மாசி மாதம் இதை எழுதுகிறவன் மாமல்லபுரம் போகும் வழியில் சதுரங்கப்பட்டினத்தில் இறங்கிக் குப்பத்துக்குப் போனான். மணலில் ஐஸ் பாளத்தை மரச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தவரைக் காட்டினார்கள். முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அட, பி.எஸ்சி.! வா வா. கண்ணாலம் ஆச்சா?"

"ஆயிற்று அண்ணே. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

"இருக்கறன்பா."

எஞ்சின் வைத்த படகு ஒன்று கரைக்கு வந்து நின்று திக்கித் திக்கி அடங்கியது. பி.எஸ்சி. அந்தப் பக்கம் திரும்பினான். "அதில் ஏதோ கோளாறு போலிருக்கிறதே அண்ணே, நீங்கள் பார்ப்பதில்லையா?" என்று கேட்டான்.

"கூப்புட்டாங்க. போவல." கூடைக்காரி ஒருத்தி ஐஸுக்குக் கத்தினாள். தணிகைவேல் குனிந்துகொண்டார். "கை மறந்துபோச்சு."

இந்த எழுபத்தெட்டாம் வருஷத்தில் தணிகைவேலுக்கு ஐம்பத்தோரு வயது. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில், சிங்காரத்தின் வீட்டுப் பின்புறம் இறக்கிய ஓலைச் சாய்ப்பில் மனைவியோடு இருக்கிறார். மீன் கூடைகளுக்கு ஐஸ் உடைக்கிறார். தினக்கூலி.